உளுந்தளவு வண்டு

கண்ணாடிக் கிண்ணத்துக்குள் வண்டு சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அதன் முதுகில் ஆறு புள்ளிகள் இருந்தன. வெளியே சமூகக் கூடத்தைச் சுற்றி உப்போடைக் காலனியே இரண்டாகப் பிரிந்து நின்றது. "ஆறுன்னு எழுது" என்றது ஒரு பாதி. "ஆறுன்னு எழுதிப் பாரு" என்றது மறு பாதி. இரண்டுக்கும் நடுவில் காவல் ஆய்வாளர் முகைதீன் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

என் பெயர் நித்திலா. மாவட்ட வண்டு அடையாள அலுவலர். கல்யாண வீடுகளில் இந்தப் பதவியைச் சொன்னால் சிரிப்பார்கள். "வண்டுக்கு ஆதார் கார்டு குடுக்கிறீங்களா?" என்று கேட்ட ஒரு சம்பந்தியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆலைக்காரர்கள் மட்டும் சிரிப்பதில்லை.

என் கல்லூரிக் காலத்தில் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி நாடெங்கும் பறக்கவிடப்பட்டதுதான் சான்றுவண்டு. பொறிவண்டின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதன் புழு மண்ணுக்குள் வளரும். அந்த மண்ணில் ஈயம் இருந்தால் அது வண்டின் முதுகில் கறுப்புப் புள்ளியாக வந்து உட்காரும். இரண்டு புள்ளி எல்லா வண்டுக்கும் பிறவியிலேயே உண்டு. நான்கு என்றால் எச்சரிக்கை. ஆறு என்றால் அபாயச் சங்கு ஊத வேண்டும், ஆலையைப் பூட்ட வேண்டும், அன்றைக்கே மக்களை வெளியேற்ற வேண்டும்.

வண்டு பொய் சொல்லாது, லஞ்சம் வாங்காது, சம்பளமும் கேட்காது என்று அரசாங்கத்துக்கு ஒரே குஷி. மண் பரிசோதனை நிலையங்களை மூடினார்கள். மாவட்டத்துக்கு ஒரு ஆஸ்பத்திரி தவிர மற்றவற்றில் ஈயம் பார்க்கும் கருவிகளைக் கழற்றினார்கள். எல்லாவற்றையும் அந்தப் பூச்சியின் முதுகில் ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம். நானும் தூங்கியவள்தான்.

உப்போடைக் காலனியை ஒட்டிப் பழைய வண்டி பேட்டரிகளை உருக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. ஊரில் பாதிப் பேர் அதில்தான் வேலை பார்க்கிறார்கள். மாதா மாதம் இங்கிருந்து எனக்கு வரும் வண்டுப் படங்கள் எல்லாம் இரண்டு புள்ளிதான். அவ்வளவு சுத்தமான ஊரில் இன்று காலை ஒரு பெண் ஆறு புள்ளி வண்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

சங்கை ஊத இரண்டு சாவி வேண்டும். ஒன்று என்னிடம் இருந்தது, இன்னொன்று ஆலையின் சுற்றுச்சூழல் மேலாளரிடம். இரண்டு சாவியும் சேர்ந்து திரும்பிவிட்டால் பிறகு யாரும் தடுக்க முடியாது. புள்ளியைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும் என்பது விதி. பொழுது சாய்ந்துவிட்டால் புகார் தள்ளுபடியாகும், மறுபடி மழைக்காலம் முடிந்தபிறகுதான் கொடுக்க முடியும். நான் வந்து சேர்ந்தபோதே வெயில் மேற்கு ஜன்னலுக்கு வந்திருந்தது.

"இது நம்ம வண்டே இல்ல மேடம்" என்றார் கிருத்திவாசன்.

அவர்தான் அந்த மேலாளர். சின்ன வயது, நன்றாகப் படித்தவர், இஸ்திரி கலையாத சட்டை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையோடு அந்தச் சாவியும் ஆடிக்கொண்டிருந்தது.

"எதை வச்சு சொல்றீங்க?"

"சைஸப் பாருங்க. கையேட்டுல என்ன போட்டிருக்கு? குன்றிமணி அளவு. இது ஒரு உளுந்து அளவுகூட இல்ல. ஏதோ காட்டு வண்டு. உலகத்துல எத்தனை லட்சம் வண்டு இருக்கு! முதுகுல ஆறு புள்ளி இருந்தா எல்லாம் சான்றுவண்டாயிருமா?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. தெரியாத வண்டைப் பார்த்தால் முதலில் அளவு, பிறகு உருவம், கடைசியாகத்தான் புள்ளியும் கோடும் என்று கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். ஆனால் அந்தந்த ஊர் ஸ்கேனரில் எந்த வண்டை வைத்து அனுப்பினாலும் அது என் திரை நிறைய, ஒரே அளவில் வந்து நிற்கும். புள்ளி எண்ண அதுதான் வசதி. நான் நிஜ வண்டைக் கையில் எடுத்தே வெகு காலமாகிவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது.

"பயப்படுற மாதிரி எதாவது இருந்தா நான் என் குடும்பத்தை இங்க வச்சிருப்பேனா மேடம்? எங்க குவார்ட்டர்ஸ் ஆலை மதில ஒட்டித்தான் இருக்கு. இதைப் பாருங்க."

கைப்பேசியை நீட்டினார். திரை முழுக்கச் சிவப்பாக, அழகாக ஒரு வண்டு. இரண்டே புள்ளி.

"என் பொண்ணு மிதுனா பொட்டு டப்பாவுல புடிச்சு வளக்குறா. ஒவ்வொண்ணுக்கும் பேரு. எப்ப பெருசாகும், எப்ப பெருசாகும்னு தெனமும் அவங்கம்மா உசிர வாங்குறாளாம். நான் எங்க நேர்ல பாக்குறது, கெளம்பும்போது தூங்குவா, வரும்போதும் தூங்குவா. போட்டோ வரும், அவ்ளோதான்."

அவர் அதைச் சொன்னபோது முகம் இளகியிருந்தது. எனக்கோ எரிச்சல். ஆதாரத்தோடு பேச வேண்டியதைக் குடும்பப் படம் காட்டிப் பேசுகிறாரே என்று நினைத்தேன். அவர் சொன்னதில் பாதி என் காதில் விழவே இல்லை.

வண்டைக் கவிழ்த்து லென்ஸில் பார்த்தேன். சான்றுவண்டின் கழுத்தில் வெளிறிய பிறைக்கோடு ஒன்று இருக்கும். உருவாக்கியவர்கள் போட்ட முத்திரை அது, வேறு எந்த வண்டுக்கும் கிடையாது. இதற்கு இருந்தது.

"சின்னதா இருந்தாலும் நம்ம வண்டுதான்" என்றேன்.

கிருத்திவாசன் சாவியை ஒரு தடவை இறுக்கிப் பிடித்துவிட்டு விட்டார்.

பிறகு வண்டை நிமிர்த்தி முதுகையும் லென்ஸில் பார்த்தேன். நிஜப் புள்ளி ஓட்டுக்குள்ளே இருக்கும், மேலே பளபளப்பு ஓடும். ஓரம் கொஞ்சம் கரைந்திருக்கும், இடதும் வலதும் ஒன்றுபோல இருக்காது. இந்த வண்டின் முன்னிரண்டு புள்ளிகள் அப்படித்தான் இருந்தன. பின்னால் இருந்த நான்கும் காம்பஸ் வைத்து வரைந்தது மாதிரி இருந்தன.

"புகார் குடுத்தவங்ககிட்ட நான் தனியா பேசணும். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

அவர் போனதும் ஜெபசீலி உள்ளே வந்தாள். காலனியின் கடைசித் தெருவில் ஒரு பியூட்டி பார்லர் வைத்திருப்பவள். முப்பது வயதுதான் இருக்கும், ஆனால் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. அவள் விரல் நகங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிப் பூ, பூவுக்கு நடுவில் குண்டூசித் தலை அளவு ஒரு கறுப்புப் புள்ளி.

நான் எதுவும் கேட்கவில்லை. காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்து அசிட்டோனில் நனைத்தேன். பார்லர்காரிக்கு அந்த வாசனை தெரியாதா?

"வேண்டாம்க்கா" என்றாள்.

வண்டின் முதுகில் ஒரே ஒரு தடவைதான் ஒற்றினேன். பின்னால் இருந்த நான்கு புள்ளிகளும் பஞ்சில் வந்துவிட்டன. இரண்டு மட்டும் நின்றன.

"நெயில் பாலிஷா?" என்றேன். குச்சியை அவள் முன்னால் நீட்டினேன். "ஏம்மா, உனக்கு என்ன துணிச்சல்? வெளிய வெட்டுக்குத்து ஆகப் பாக்குது. உன் ஒருத்தியால ஒரு ஆலையையே மூடியிருப்பாங்க. இதுக்கு ஜெயில்னு தெரியுமா?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா?"

"வேற எப்படிக்கா உங்கள இங்க வரவைக்க?"

நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன். அவள் உட்காரவில்லை, அழவும் இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"எம்மவ ஜெரோலின். ஆறு வயசு. போன கிறிஸ்மசுக்கு ஒண்ணுலருந்து நூறு வரைக்கும் மூச்சு விடாம சொல்லுவா. இப்ப இருபதத் தாண்ட மாட்டேங்குதா. சும்மா வெளையாடுதான்னுதான் நெனச்சேன். வயித்து வலின்னு சுருண்டு படுக்கா. ஈறு ஓரத்துல நீலமா கோடு ஓடுது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி, ரத்தத்துல ஈயம் இருக்கான்னு பாருங்க டாக்டர்னு கேட்டேன். எந்த ஏரியான்னாக. உப்போடைன்னேன். கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, அது ரெண்டு புள்ளி ஏரியாம்மா, அந்த டெஸ்ட் எழுத முடியாது, எழுதினாலும் இது ஏத்துக்காதுன்னுட்டாக."

"வெளிய எங்கயாவது..."

"வெளிய எங்கக்கா இருக்கு? வண்டு வந்தப்புறம் எல்லா மிஷினையும் எடுத்துட்டீகளே. எம்மவ வாயத் தொறந்து காட்டுதேன், யாரும் பாக்க மாட்டேங்காக. எல்லாரும் வண்டு முதுகத்தான் பாக்காக. சரி, அங்கயே வச்சுக் காட்டுவோம்னுதான்..."

கதவு திறந்தது. கிருத்திவாசன் நின்றிருந்தார். அவர் கண் நேராக என் கையில் இருந்த பஞ்சுக் குச்சிக்குப் போனது. நான் அதை மறைத்திருக்கலாம். மறைக்க எனக்குத் தோன்றவில்லை.

"பெயிண்ட்" என்றார் மெதுவாக. பிறகு உரக்கக் கூப்பிட்டார். "இன்ஸ்பெக்டர் சார்! கொஞ்சம் உள்ள வாங்க!"

முகைதீன் வந்தார், பார்த்தார், பெருமூச்சு விட்டார். பஞ்சுக் குச்சி ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போய் அவர் சட்டைப் பையில் ஏறியது. "சான்றுவண்டத் திருத்துறது ஜாமீன் இல்லாத கேஸும்மா" என்று ஜெபசீலியிடம் சொன்னார். திட்டுவது போல இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே, ஆலைக்காரர்கள் நின்ற பக்கத்தில், ஒருவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தான். ஜெபசீலி அவனைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவள் புருஷன் சூசை. ஆலையில் உலைக்காரன். காலையிலிருந்து அவன் மறு பாதியோடுதான் நின்றுகொண்டிருந்தானாம்.

"முடிஞ்சுது மேடம்" என்றார் கிருத்திவாசன். "போலின்னு எழுதிட்டுக் கெளம்பலாம்."

எழுத வேண்டியதுதான். பேனாவைத் திறந்தும்விட்டேன். இந்தப் பெண் செய்தது தப்பு, அவர் சொல்வது சரி, சட்டம் தெளிவாக இருக்கிறது. எழுதிவிட்டுப் போனால் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரலாம். ஆனால் அந்த வண்டு கிண்ணத்தின் விளிம்பில் ஏறி நின்றுகொண்டு போக மாட்டேன் என்றது. முத்திரை இருக்கிறது, நம் வண்டு. இரண்டு புள்ளி, சுத்தமான மண். அப்படியானால் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது?

"ஜெபசீலி, இத எங்க புடிச்சே?"

"பார்லர் பின்னாடி, சாக்கடையோரம்."

"அங்க பெரிய வண்டு எதுவும் இல்லியா?"

"பெருசே கெடையாதுக்கா. எல்லாம் குட்டிதான். வளந்தபெறவு புடிச்சா புள்ளி வைக்க ஈசியா இருக்கும்னு பாத்தேன். எவ்வளவு நாளு பாத்தாலும் வளரவே இல்ல."

நான் பேனாவை மூடினேன்.

"வண்டு வளராதும்மா" என்றேன். "புழுதான் வளரும். கூட்ட விட்டு வண்டா வெளிய வந்துட்டா அது சாகுற வரைக்கும் அதே அளவுதான். வண்டுல குட்டின்னு ஒண்ணு கெடையாது."

எழுந்து நின்றேன். சந்தேகம் இருந்தால் புதிதாக வண்டு பிடித்துப் பார்க்க அலுவலருக்கு உரிமை உண்டு, அப்போது இரண்டு தரப்பும் கூட வர வேண்டும். இதைச் சொன்னதும் கிருத்திவாசன் மேற்கே பார்த்தார். வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

"தாராளமா பாருங்க" என்றார். பொழுது தன் பக்கம் என்று அவருக்குத் தெரியும்.

பார்லருக்குப் பின்னால் சாக்கடையோரம் கல்லைப் புரட்டினால் போதும், வண்டுகள் ஓடின. பிடித்த ஒவ்வொன்றும் உளுந்தளவு. ஒவ்வொன்றின் கழுத்திலும் பிறைக்கோடு, முதுகில் இரண்டே புள்ளி. எண்ணிச் சலித்துவிட்டேன். காலனியில் எங்கே தேடினாலும் இதேதான் வந்தது. கிருத்திவாசன் ஒவ்வொரு தடவையும் "ரெண்டு" என்று சத்தமாகச் சொன்னார். பின்னால் வந்த கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள்.

காலனிக்கு அப்பால் ஒரு உப்போடை. அதைத் தாண்டினால் கருவேலங்காடு. நான் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடையில் இறங்கினேன்.

"மேடம், அங்க எங்க? அங்க ஆளே கெடையாது."

"அதனாலதான். ஆள் இருக்குற எடத்துலதான் வண்டு புடிக்கணும்னு விதி. இங்க எவனும் புடிச்சதே இல்ல."

முட்டளவு தண்ணீர். கிருத்திவாசன் இஸ்திரி கலையாத பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு வந்தார். முகைதீனும் ஜெபசீலியும் பின்னால் வந்தார்கள். கூட்டம் காலனிக் கரையிலேயே நின்றுவிட்டது. முள் காலைக் கிழித்தது. காய்ந்த சருகைக் கிளறிக்கொண்டே ஆலைக்கு எதிர்த்திசையில் நடந்தேன். முதலில் ஒன்றும் இல்லை. கண் எரிந்தது. வெளிச்சம் குறையக் குறைய எனக்குள் பதற்றம் ஏறியது. நான் நினைப்பது தப்பாக இருந்தால் இந்தப் பெண் இன்றைக்கே உள்ளே போய்விடுவாள், அவள் மகளை அதன் பிறகு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு பட்டை உரிந்த மரத்தூரில் ஜெபசீலிதான் முதலில் பார்த்தாள். "அக்கா!" என்று கத்தினாள்.

குன்றிமணி அளவில் இருந்தது அது. பெரிதாக, கொழுகொழுவென்று, சாவகாசமாக ஏறிக்கொண்டிருந்தது. முதுகில் ஆறு புள்ளிகள். ஓரம் கரைந்த, இடதும் வலதும் பொருந்தாத, பளபளப்புக்கு அடியில் கிடந்த நிஜப் புள்ளிகள். அசிட்டோன் வைத்துத் தேய்த்தேன். எதுவும் அசையவில்லை. பக்கத்திலேயே இன்னொன்று, அதற்கும் ஆறு. இன்னும் உள்ளே போனால் நான்கு. காட்டின் கடைசியில், ஆலை கண்ணுக்குத் தெரியாத இடத்தில், இரண்டு புள்ளியோடு குண்டு குண்டாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

முகைதீன் தொப்பியைக் கழற்றினார். "என்ன மேடம் இது? ஆலைகிட்ட ரெண்டு. தள்ளி வந்தா ஆறு. விஷம் இங்கதான் இருக்கா?"

"இல்ல சார். புழு மண்ணுல நல்லா கொழுக்கணும், அப்புறம் கூடு கட்டணும். கூட்டுக்குள்ள கடைசியாத்தான் புள்ளி உக்காரும். கொஞ்சம் ஈயம் இருந்தா நாலு வரும், நெறைய இருந்தா ஆறு வரும். அதுக்கும் மேல போனா புழு கொழுக்கவே முடியாம, அரைகுறையா கூடு கட்டி அவசரமா வெளிய வந்துருது. புள்ளி வைக்க அதுக்குச் சத்தே இல்ல. நாம அதத் தூக்கி ஸ்கேனர்ல வச்சுப் பெருசாக்கிப் பாத்து, ரெண்டு புள்ளி, சுத்தம்னு எழுதியிருக்கோம்."

"அப்ப காலனியில..."

"ஆறையும் தாண்டியாச்சு சார். வண்டால அதுக்கு மேல சொல்ல முடியல."

ஜெபசீலி கருவேல மரத்தைப் பிடித்துக்கொண்டாள். தான் போட்டது பொய்ப் புள்ளிதான், ஆனால் சொன்னது பொய்யில்லை என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அவளுக்கு அதில் சந்தோஷம் இல்லை. எந்தத் தாய்க்கு இருக்கும்?

திரும்பி வந்தோம். காலனி முகப்பில் சங்குக் கம்பம் நிற்கிறது, அதன் இடுப்பளவில் ஒரு இரும்புப் பெட்டி, பெட்டியில் இரண்டு துவாரம். நான் என் சாவியை நுழைத்துவிட்டுக் காத்திருந்தேன். சூரியன் ஆலைப் புகைபோக்கிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

கிருத்திவாசன் அசையவில்லை.

"ஆளில்லாத காட்டு வண்டு கணக்குல வராது மேடம். விதி அது. காலனியில ரெண்டு புள்ளி, அதுவும் விதி. நீங்க சொல்றது தியரி. சரியாவே இருக்கலாம். எழுதி மேல அனுப்புங்க, கமிட்டி போடுவாங்க, பாப்பாங்க."

"அதுக்கு எத்தனை மாசம் ஆகும்?"

"ஆகட்டும். ஒரு தியரிக்காக இத்தன அடுப்ப அணைக்கச் சொல்றீங்களா? அங்க பாருங்க." கூட்டத்தைக் காட்டினார். "இந்தச் சாவியத் திருப்பினா நாளைக்கு எனக்கும் வேலை கெடையாது, இவங்க யாருக்கும் கெடையாது. இங்கருந்து போயி எங்க நிப்பாங்க? நீங்க ஜீப்ல ஏறிப் போயிருவீங்க."

அவர் சொன்னதும் நிஜம்தான், அதுதான் என்னை வாட்டியது. கூட்டத்தில் சூசை முன்வரிசையில் நின்றான். அவன் பெண்டாட்டியையும் பார்க்கவில்லை, ஆலையையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாப்பாவுக்கு இருபதுக்கு மேல வரல சார்" என்றாள் ஜெபசீலி. கெஞ்சவில்லை, வெறுமனே சொன்னாள். "ஈறெல்லாம் நீலம் பூத்துக் கெடக்கு."

கிருத்திவாசன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சூரியனின் கீழ் விளிம்பு மதிலைத் தொட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் வரிசையாக மஞ்சள் கட்டடங்கள், மாடியில் காயும் துணிகள், ஒரு சின்ன ஊஞ்சல். ஆலைக் குவார்ட்டர்ஸ். இங்கே இருக்கும் எந்த வீட்டையும்விட அதுதான் உலைக்குப் பக்கம்.

மதியம் காதில் விழாமல் போனது எனக்கு இப்போது விழுந்தது.

"உங்க பொண்ணு டப்பாவுல இருக்குற வண்டு பெருசாச்சா?" என்று கேட்டேன்.

"என்ன மேடம்?"

"எப்ப பெருசாகும்னு தெனமும் கேக்குறான்னீங்களே. ஆச்சா?"

முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததை அவர் முகத்தில் பார்த்தபோது நான் கேட்டிருக்கவே வேண்டாம் என்று தோன்றியது. கைப்பேசியை எடுத்து அந்தப் படத்தைப் பார்த்தார். திரை நிறைய, சிவப்பாக, இரண்டு புள்ளியோடு. அது எவ்வளவு பெரிய வண்டு என்று அந்தப் படத்தில் தெரியாது.

வீட்டுக்கு அழைத்தார். அவசரத்தில் விரல் ஸ்பீக்கர் பொத்தானில் பட்டுவிட்டது, எல்லோருக்கும் கேட்டது.

"என்னங்க, இந்நேரத்துல?"

"தர்ஷினி, மிது டப்பாவுல வண்டு இருக்குல்ல? அது பக்கத்துல ஒரு உளுந்த எடுத்து வையி."

"எதுக்கு? உங்களுக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

"வையின்னு சொல்றேன்ல!"

டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. நடுவில் ஒரு சின்னக் குரல் புகுந்தது. "அப்பாவா? அப்பா, சொட்டு இன்னும் வளரவே இல்லப்பா. நான் தெனமும் சோறு வைக்கிறேன்ப்பா."

"வச்சுட்டேங்க" என்றாள் தர்ஷினி. "உளுந்தவிடச் சின்னதாத்தான் இருக்கு. எல்லாமே அப்படித்தான். ஏன், என்னாச்சு?"

கிருத்திவாசன் கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றவும் பொறுமை இல்லாமல், குனிந்து, அட்டையோடு சேர்த்தே சாவியைத் துவாரத்தில் நுழைத்தார். நான் என் சாவியைத் திருப்பினேன். அவர் தன்னுடையதைத் திருப்பினார்.

சங்கு ஊதியது. கூட்டம் சிதறியது, யார் யாரோ கத்தினார்கள், யாரோ ஒருவன் கல்லெடுத்து எறிந்தான். சூசை மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டைப் பார்த்து ஓடினான், மகளைத் தூக்க. முகைதீன் வாக்கிடாக்கியில் பேருந்துகளை வரச்சொன்னார். பேசி முடித்ததும் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அந்தக் கவரு..." என்று கிருத்திவாசனிடம் இழுத்தார்.

"நான் எந்தப் புகாரும் குடுக்கல சார்" என்றார் அவர்.

கைப்பேசியில் தர்ஷினி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். "என்னங்க சங்கு ஊதுது? நீங்க எங்க இருக்கீங்க? ஏதாவது பேசுங்க!" அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜெபசீலி அவர் கையிலிருந்து கைப்பேசியை வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, பதறாதீக. பிள்ளையத் தூக்கிட்டு ரோட்டுக்கு வந்துருங்க, பஸ்ஸு வரும். வர்ற வழியில வாயத் தொறந்து ஈறு ஓரத்தப் பாத்துக்கிடுங்க. நீலமா இருந்தா எங்கிட்டச் சொல்லுங்க, நாம ரெண்டு பேருமா டாக்டர்ட்ட போவோம்."

அந்தப் பக்கம் தர்ஷினி மகளைத் தூக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சின்னக் குரல் மறுபடி கேட்டது.

"ஆன்ட்டி, டப்பாவையும் எடுத்துட்டு வரவா? சொட்டு பெருசாகணும்ல?"

ஜெபசீலி என்னைப் பார்த்தாள். வண்டு வளராது என்று மதியம் அவளுக்குச் சொன்னவள் நான்தான். அந்தக் குழந்தைக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எடுத்துட்டு வா கண்ணு" என்றாள் அவள்.